எண்ணிச் சொன்னவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை ஒரு வாசகரின் நினைவாக ஏற்பட்டது. அவர் கதையோ கவிதையோ எழுதியவர் அல்லர். நாற்பது ஆண்டுகள் காலையில் நூலகம் திறக்கும் முன்பே வாசலில் வந்து நின்றவர். படித்ததில் பிடித்ததை வீட்டில் வாங்கும் பத்திரிகையிலிருந்து வெட்டி, பழைய கணக்கு நோட்டுகளில் ஒட்டி வைத்தவர். "நடப்புச் செய்திகளில் எதைப் படிக்கலாம் என்று ஒரு பட்டியல் போல் பேசுங்கள்" என்று அமைப்பாளர்கள் கேட்டபோது, அந்த நோட்டுகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவருடைய குடும்பத்தார் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் அவற்றோடு இருந்தேன்.

தேர்தலில் யார் வெல்வார் என்று எழுதிய நடுப்பக்கக் கட்டுரைகள் அவற்றில் ஏராளம். கூட்டணிப் பேச்சு, தலைவர்களின் பேட்டி, எதிர்த்தரப்பின் மறுப்பறிக்கை எல்லாம் உண்டு. அன்றைக்கு ஊரே பேசியவை. இன்றைக்குப் படித்தால் நாலு வரிக்கு மேல் மனம் நகர மறுக்கிறது. ஆனால் ஒரு நோட்டில், ஓரமாக, உள்ளங்கை அளவில் ஒரு பெட்டிச் செய்தி. ஓர் ஏரிக்குள் வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். ஒரு மாவட்டச் செய்தியாளர் ஏரியைச் சுற்றி நடந்து, எத்தனை கல் என்று எண்ணி எழுதியிருக்கிறார். எந்தக் கரையில் தொடங்கினார், எந்த மதகில் முடித்தார் என்பதும் இருக்கிறது. காகிதம் பழுப்பேறிவிட்டது. செய்தி இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்று ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஏரிக்குப் போய் மறுபடி எண்ணலாம்.

எண்ணுதல் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள். கணக்கிடுவதும் எண்ணுதல்தான், சிந்திப்பதும் எண்ணுதல்தான். நான் இன்று பரிந்துரைக்கப் போகும் எழுத்துகள் எல்லாம் இந்த இரண்டும் ஒன்றாக நடந்த எழுத்துகள். பத்துக் கட்டுரை கேட்டீர்கள். நான் நாலைந்தைத்தான் சொல்லப்போகிறேன், கொஞ்சம் விரிவாக.

2021 ஏப்ரல் மாதத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த மாதத்தை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க மாட்டோம். குஜராத்தில் 'சந்தேஷ்' என்று ஒரு பழைய நாளேடு இருக்கிறது. ஏப்ரல் 1 அன்று அதன் உள்ளூர்ப் பதிப்பு ஆசிரியருடைய மனைவி, மகளுக்குக் கொரோனா பரிசோதனை செய்ய மாநிலத் தலைநகர் காந்திநகரில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகிறார். வரிசையில் நிற்கும்போது, பையில் பொதிந்த இரண்டு உடல்கள் அவர் கண்ணில் படுகின்றன. கொரோனாவில் இறந்தவர்கள் என்கிறார் மருத்துவமனை ஊழியர். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்கிறார். காந்திநகரில் சாவே இல்லை என்று அரசு அறிக்கை வந்துகொண்டிருந்த நேரம் அது. மறுநாளிலிருந்து அகமதாபாத், சூரத், ராஜ்கோட், வடோதரா உள்ளிட்ட ஏழு நகரங்களின் மருத்துவமனைகளை நாள்தோறும் தொலைபேசியில் விசாரித்து அந்தப் பத்திரிகை தானே ஒரு கணக்கு எழுதத் தொடங்கியது.

தொலைபேசியோடு அவர்கள் நிற்கவில்லை. அகமதாபாத்தில் 1,200 படுக்கை கொண்ட அரசுக் கொரோனா மருத்துவமனையின் பிணவறைக்கு வெளியே வர ஒரே ஒரு வழிதான். ஏப்ரல் 11 இரவு இரண்டு செய்தியாளர்கள் அந்த வழிக்கு எதிரே போய் நின்றார்கள். 17 மணி நேரம். வெளியே வந்த உடல்கள் 69. மறுநாள் அரசு அறிக்கை, அகமதாபாத்தில் இறந்தவர்கள் 20 பேர் என்றது. ஏப்ரல் 16 இரவு அவர்கள் நகரைச் சுற்றி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வண்டியில் போய் 21 சுடுகாடுகளைப் பார்த்தார்கள். சிதைகளை எண்ணினார்கள், பதிவேட்டைப் பார்த்தார்கள், அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டார்கள். 200 உடல்களுக்கு மேல். மறுநாள் அரசுக் கணக்கில் அந்நகருக்கு 25.

அந்தப் 17 மணி நேரத்தைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தொற்று எங்கும் பரவியிருந்த காலம். அந்த இருவருக்கும் வீடு இருந்திருக்கும். கையில் ஒரு நோட்டும் பேனாவும். கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு கோடு. அடுத்த நாள் பத்திரிகையில் அது ஒரு வாக்கியமாகத்தான் வந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை யாராலும் பொய் என்று தள்ள முடியாது. ஏனென்றால் எங்கே நின்றோம், எவ்வளவு நேரம் நின்றோம், எந்த வாசலைப் பார்த்தோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மே 14 அன்று இன்னொரு குஜராத்தி நாளேடான 'திவ்ய பாஸ்கர்' வேறொரு வழியில் போனது. பிணவறை வாசலுக்குப் போகாமல் இறப்புச் சான்றிதழ்களை எடுத்தது. 2021 மார்ச் 1 முதல் மே 10 வரை அந்த மாநிலத்தில் வழங்கப்பட்ட இறப்புச் சான்றிதழ்கள் 1,23,871. முந்தைய ஆண்டு அதே நாட்களில் 58,068. இந்த 71 நாட்களில் கொரோனாவால் இறந்தவர்கள் என்று அரசு சொன்னது 4,218. கூடுதலாக இறந்த அத்தனை பேரும் கொரோனாவில் இறந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் ஒன்றையொன்று பார்த்துக் கேட்கும் கேள்விதான் அந்தச் செய்தி. மூன்றுமே அரசின் ஏடுகளிலிருந்து வந்தவை என்பது அதன் வலிமை.

நம் மாநிலத்திலும் இது நடந்தது, அதற்கு முந்தைய ஆண்டே. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவில் இருந்தவர்கள் சிலர் மாநில அரசின் அன்றாட அறிக்கையில் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. அரசு குழு அமைத்தது. 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டுப்போன 444 இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. ஒரு செய்தி என்ன செய்ய முடியும் என்று இளைஞர்கள் கேட்கும்போது நான் இந்த 444-ஐச் சொல்வேன். 444 குடும்பங்களில் நடந்த சாவு, நடந்த சாவாக எழுதப்பட்டது.

திவ்ய பாஸ்கரின் அந்தக் கணக்கு வெளிவந்த ஒரு வாரத்தில், மே 21 அன்று, போபாலில் ஒரு பத்திரிகையாளர் காலமானார். ராஜ்குமார் கேஸ்வானி. அவரும் கொரோனாவால் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர். அவருடைய பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? நான் பரிந்துரைக்கும் எழுத்துகளில் முதலில் வருவது அவருடையது.

1981 டிசம்பரில் போபாலின் யூனியன் கார்பைடு ஆலையில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். ஒரு தொழிற்சாலை விபத்து, ஒரு சாவு. செய்தி அதோடு முடிந்திருக்க வேண்டியது. கேஸ்வானி அப்போது 'ரபட்' என்ற சின்னஞ்சிறு இந்தி வார இதழை நடத்திக்கொண்டிருந்தார். ஆலைக்குள் வேலை பார்த்தவர்கள் சிலரை அவருக்குத் தெரியும். அவர் வேதியியல் படித்தவர் அல்லர். ஆகவே உட்கார்ந்து படித்தார். பாஸ்ஜீன் முதல் உலகப் போரில் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்ட வாயு, காற்றைவிடக் கனமானது என்று தெரிந்துகொண்டார். ஆலையில் சேமித்து வைத்திருந்த மீத்தைல் ஐசோசயனேட்டும் காற்றைவிடக் கனமானது. கனமான வாயு கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழும். ஆலைக்கு எதிரே தரையோடு தரையாகக் குடிசைகள். தாய்நிறுவனத்தின் அமெரிக்க நிபுணர்கள் 1982 மே மாதத்தில் ஆலையைச் சோதித்து எழுதிய அறிக்கையும் அவர் கைக்கு வந்தது. குறைகள் அதில் இருந்தன.

1982 செப்டம்பர் 17 அன்று 'ரபட்'டில் முதல் கட்டுரை வந்தது. இந்த நகரத்தைக் காப்பாற்றுங்கள் என்று தலைப்பிலேயே கெஞ்சினார். அக்டோபர் 1 அன்று இரண்டாவது: எரிமலையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது போபால் என்றார். அக்டோபர் 8 அன்று மூன்றாவது: புரிந்துகொள்ளாவிட்டால் அழிந்துபோவீர்கள் என்றார். மூன்று தலைப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு மனிதரின் குரல் மூன்றே வாரத்தில் எப்படி உயர்கிறது என்று கேட்கலாம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1984 ஜூன் 16 அன்று, இந்த முறை நாடு முழுதும் போகும் 'ஜனசத்தா' நாளேட்டில் மறுபடி எழுதினார். டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டியபோது அவர் எழுதியபடியே நடந்தது. வாயு தரையோடு தவழ்ந்து குடிசைகளுக்குள் போனது.

இறந்தவர்கள் எத்தனை பேர்? அரசு முதலில் 2,259 என்றது. பிறகு மாநில அரசே 3,787 என்றது. பாதிக்கப்பட்டவர்களுக்காகப் போராடியவர்கள் இவற்றைவிடப் பல மடங்கு என்றார்கள். எண்ணாமல் விட்ட ஊரில் கடைசி வரை எண்ண முடியாமலே போய்விடுகிறது.

கேஸ்வானிக்குப் பின்னாளில் பரிசுகள் வந்தன. அந்தப் பாராட்டுகளைப் பற்றிப் பேசும்போது அவருக்குள் இருந்த வேதனையை நான் புரிந்துகொள்கிறேன். விபத்து நடக்காமல் இருந்திருந்தால் அவர் வீண் பீதி கிளப்பிய சிறு பத்திரிகைக்காரராகவே இருந்திருப்பார். அவர் ஆசைப்பட்டதும் அதுவாகத்தான் இருந்திருக்கும். எழுதியவர் தன் வேலையைச் செய்துவிட்டார். 1982-இல் போபாலில் அந்த இதழை வாங்கியவர்கள் இருந்தார்கள். படித்துவிட்டு மடித்து வைத்தவர்கள் இருந்தார்கள். நான் வாசகர்களின் மன்றத்தில் பேசிக்கொண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

கேஸ்வானி காலமான அதே 2021 மே மாதம் 30-ஆம் தேதி, சென்னையில், மைதிலி சிவராமன் காலமானார். அவரையும் கொண்டுபோனது கொரோனாதான். பெண்கள் இயக்கத்திலும் தொழிற்சங்கத்திலும் அவர் ஆற்றிய பணி பலருக்குத் தெரியும். அவர் எழுதிய கட்டுரைகளை நாம் போதுமான அளவு படிக்கவில்லை என்பது என் வருத்தம். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு 1968-இல் நாடு திரும்பியவர். அந்த ஆண்டு டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். மைதிலி அங்கே போனார். கூலியாக எவ்வளவு நெல் அளந்தார்கள், எவ்வளவு கூடுதலாகக் கேட்டார்கள், செங்கொடி ஏற்றியதற்கு என்ன நடந்தது என்று வயலில் நின்றவர்களிடம் கேட்டு எழுதினார். தீயை மட்டும் எழுதியவர்கள் உண்டு. தீக்கு முன்னால் இருந்த படிக்கணக்கை எழுதியவர்கள் குறைவு.

தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் தண்டித்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு நிலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. அதே ஆண்டு மைதிலி 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதினார். கீழ்வெண்மணியின் கனவான் கொலைகாரர்கள் என்பது அந்தத் தலைப்பின் பொருள். அவருடைய கட்டுரைகள் 'ஹாண்டட் பை ஃபயர்' என்ற பெயரில் 2013-இல் தொகுப்பாக வந்தன. ஆங்கிலம் வாசிப்பவர்கள் அதை வாங்கிப் படியுங்கள். நடப்புச் செய்தி என்று எழுதப்பட்டது, ஐம்பது ஆண்டு கழித்து நமக்கு வரலாறாகக் கிடைத்திருக்கிறது.

எண்ணுவது என்றால் சாவை எண்ணுவது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1993 முதல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்தியாவின் மிக ஏழை மாவட்டங்களில் சுற்றி 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் ஒரு தொடர் எழுதினார். 84 கட்டுரைகள். அவர் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் நம்முடைய இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு. 1996-இல் அது 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' என்று புத்தகமானது. அதில் இராமநாதபுரத்துப் பனையேறி ஒருவரைப் பற்றிய கட்டுரை வரும். அவர் ஒரு நாளில் எத்தனை மரம் ஏறுகிறார், ஒவ்வொரு மரத்திலும் எத்தனை தடவை, ஒரு மரம் எவ்வளவு உயரம் என்று சாய்நாத் கூட்டிப் பார்க்கிறார். 250 மாடிக் கட்டடத்தில் தினமும் ஏறுவதற்குச் சமம் என்று கணக்கு வருகிறது. பனங்காட்டுப் பக்கம் பிறந்த எனக்கு, பனையேறி என்றால் காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாள் பெட்டியும் உள்ள ஒரு பழகிய உருவம். அந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் என் கண்ணெதிரே இருந்த உழைப்பின் அளவு எனக்குத் தெரிந்தது. அவர் 2014 டிசம்பரில் தொடங்கிய கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகத்தில் தமிழிலும் கட்டுரைகள் இருக்கின்றன. காசில்லாமல் படிக்கலாம். பள்ளி ஆசிரியர்கள் இங்கே இருந்தால் வகுப்புக்கு எடுத்துப் போங்கள்.

எண் பெரிதாகிவிட்டால் மனம் மரத்துப்போகும் என்பதும் உண்மை. ஹிரோஷிமாவில் அணுகுண்டால் இறந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் என்று உலகம் படித்துவிட்டது. படித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. 1946-இல் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சி அங்கே போய், உயிர் பிழைத்த ஆறு பேரை மட்டும் எடுத்துக்கொண்டார். ஓர் அலுவலக எழுத்தர், இரண்டு மருத்துவர்கள், தையல்காரரின் விதவை ஒருவர், ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர், ஜப்பானியப் போதகர் ஒருவர். குண்டு விழுந்த நொடியில் அவர்கள் எங்கே இருந்தார்கள், பிறகு என்ன செய்தார்கள். அவ்வளவுதான். 'நியூயார்க்கர்' இதழ் 1946 ஆகஸ்ட் 31 இதழ் முழுவதையும் அந்த ஒரே கட்டுரைக்குக் கொடுத்தது. அட்டையில் கோடைக்காலப் பூங்கா ஒன்றின் படம். உள்ளே திறந்தால் அது. லட்சத்திலிருந்து ஆறுக்கு இறங்கியதும் ஒரு வகை எண்ணுதல்தான். கட்டுரையில் ஆசிரியர் தன் கோபத்தை ஓரிடத்திலும் சொல்லவில்லை. படித்து முடித்தவனுக்கு அது தானாக வருகிறது.

இனி வாசகர்களாகிய நம் பக்கம்.

ஒரு கட்டுரை கையில் வந்ததும் நான் முதலில் தேடுவது ஊர்ப்பெயரை. எழுதியவர் அங்கே போனாரா? போனவருடைய எழுத்தில் பேருந்து நிற்கும் இடம், குழாயில் தண்ணீர் வரும் நேரம், கடைக்காரர் சொன்ன விலை என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து, எண். எந்த அலுவலகத்து ஏட்டிலிருந்து வந்தது, எந்தத் தேதி வரைக்கும்? 'வட்டாரங்கள் தெரிவித்தன' என்றால் எந்த வட்டாரம்? 'பொதுமக்கள் அவதி' என்றால் எந்தத் தெருவில் எத்தனை குடும்பம்? குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்டு அவர் சொன்னதைப் போட்டிருக்கிறார்களா? தனக்குத் தெரியவந்தது இவ்வளவுதான் என்று எழுதியவர் ஓரிடத்தில் நிறுத்துகிறாரா? அப்படி நிறுத்துபவரை நான் அடுத்த வாரமும் தேடிப் படிப்பேன். நான் நம்புவது பத்திரிகையின் பெயரை அல்ல, கட்டுரையின் மேலே உள்ள ஆளின் பெயரை. அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு.

நம் மாவட்டச் செய்தியாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. வேறொரு தொழிலைக் கைவசம் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். மணல் லாரியைப் பற்றி எழுதினால், மறுநாள் அதே சாலையில்தான் அவர் இருசக்கர வண்டியில் வீடு திரும்ப வேண்டும். ஏரிக்குள் கல்லை எண்ணியவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். அவர் பெயர் அந்தப் பெட்டிச் செய்தியில் இல்லை. அவர் எழுதிய அன்று பத்துப் பேர் ஆசிரியருக்கு அஞ்சலட்டை போட்டு, "ஏரிச் செய்தி நன்று, தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள்" என்று சொல்லியிருந்தால் அவர் அடுத்த ஏரிக்கும் போயிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திட்டி எழுத நமக்குக் கை வருகிறது. நல்ல செய்தி எழுதியவரைப் பாராட்டி எழுத ஏனோ வருவதில்லை. சந்தா கட்டுவதும் அப்படித்தான். ஒரு செய்தியாளரை 17 மணி நேரம் ஒரு வாசலில் நிறுத்தச் செலவாகும். விளம்பரதாரர் அதற்குப் பணம் தரமாட்டார். வாசகர்தான் தர வேண்டும்.

நூலகரோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு இதே படிப்பகத்தில் கூடுவோம். ஒரு கட்டுரையை ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்போம், பிறகு பேசுவோம். முதல் கூட்டத்துக்குக் கேஸ்வானியை எடுத்திருக்கிறோம். இந்தி தெரிந்த ஆசிரியை ஒருவர் வாய்மொழியாகத் தமிழில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த வாசகப் பெரியவரின் நோட்டுகளும் அன்றைக்கு மேசைமேல் இருக்கும். பக்கத்தில் ஒரு புது நோட்டு வைக்கிறோம். நீங்கள் படித்ததில் நல்லதை வெட்டிக்கொண்டு வந்து அதில் ஒட்டுங்கள். பத்திரிகையின் பெயர், தேதி, எழுதியவர் பெயர் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். பசை நூலகத்திலேயே இருக்கிறது. அந்த ஏரிக்கு வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். ஒரு நாள் சேர்ந்து போய் வருவோம்.